காலிக் குதிர்: மறதி நோயும் நம் எழுத்தும்

1

தமிழ்ப் புனைகதையில் கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் நல்ல இடம் உண்டு. ஆனால் அவர்கள் ஞாபகத்தோடு இருக்கும்வரைதான். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்தில் (1976) நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் வருகிறாள். ஒரு கூட்டம் ஆந்திர தேசத்திலிருந்து ஓடிவந்து காட்டை அழித்து ஊர் கட்டின கதை முழுக்க அவள் வாய்க்குள் இருக்கிறது. அவள் திறந்தால் கதை வருகிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் முன்பு நின்ற மண்குதிர் மாதிரி. மேலே கொட்டுவது, கீழே அடைப்பைப் பிடுங்கி அள்ளுவது. நம் கதைகளில் பாட்டிகளும் தாத்தாக்களும் பெரும்பாலும் இப்படிக் குதிர்களாகவே நிற்கிறார்கள். ‘பாட்டி சொன்னாள்’ என்ற இரண்டு சொல் போதும், எழுத்தாளன் ஒரு நூற்றாண்டுக்குள் நுழைந்துவிடலாம்.

அந்தக் குதிர் காலியானால் என்ன செய்கிறோம்? கதையில் அவளைச் சாகடிக்கிறோம். இல்லையென்றால் திண்ணையில் உட்காரவைத்து, வெற்றிலை இடிக்கவிட்டு, ‘கிழவி எதையோ முணுமுணுத்தாள்’ என்று ஒரு வரியோடு தாண்டிப் போகிறோம். எதை முணுமுணுத்தாள் என்று நின்று கேட்ட கதைகள் மிகக் குறைவு. ஞாபகத்துக்காகத்தான் கிழவி மதிக்கப்பட்டாள். ஞாபகம் போனதும் அவள் இலக்கியத்திலிருந்தும் வெளியேறிவிடுகிறாள். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. முதியவர்களை நாம் எதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை இது காட்டிக்கொடுக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். அகில இந்திய அளவைவிட இது அதிகம். அதற்குப் பிறகு அந்த எண் ஏறத்தான் செய்திருக்கிறது. 2023இல் வெளியான ஒரு தேசிய ஆய்வு, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம் என்றும் சொன்னது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் நாற்பது கிலோமீட்டர் போல இருக்கும். பஸ் நிற்கும் ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் பெரிய பிசகு இருக்காது. இத்தனை வீடுகளில் நடப்பது நம் எழுத்தில் ஏன் இவ்வளவு மெலிந்த தடம் பதித்திருக்கிறது?

விழிப்புணர்வுக் கதை எழுதுங்கள் என்று சொல்ல வரவில்லை. அதற்கு வியாபாரப் பத்திரிகைகளும் மருத்துவமனைகளின் விளம்பரத் துண்டுப் பிரசுரங்களும் போதும். என் கேள்வி உருவம் பற்றியது. நமது நவீன உரைநடை எந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு வளர்ந்ததோ, அந்தக் கருவிகளே இந்த அனுபவத்தை அணுகவிடாமல் குறுக்கே நிற்கின்றன என்று நினைக்கிறேன்.

2

நம் நவீனத்துவத்தின் செல்லப்பிள்ளை நினைவு. சி.சு. செல்லப்பாவின் ‘ஜீவனாம்சம்’ ‘எழுத்து’வில் தொடராக வந்த நாளிலிருந்து நனவோடை என்ற சொல்லை நாம் விடவில்லை. மௌனியின் கதைகளில் நினைவு ஒரு மூட்டம். நகுலனுடைய நாவலின் பெயரே ‘நினைவுப்பாதை’ (1972). லா.ச.ரா.விடம் நினைவு மந்திர உச்சாடனம் ஆகிறது. இவர்களிடையே வேறுபாடுகள் எவ்வளவோ உண்டு. ஆனால் ஒரு அஸ்திவாரம் பொது: நினைவு கலங்கலாம், முன்பின் மாறலாம், கனவோடு சேரலாம், இருந்தாலும் அது யாரோ ஒருவருடையது. நினைப்பவன் ஒருவன் கடைசிவரை உள்ளே உட்கார்ந்திருக்கிறான். அந்த ஆள் இல்லாவிட்டால் நனவோடை ஓடாது.

மறதி நோயில் குலைவது அந்த ஆள்தான். நினைவுகள் மட்டும் போய், வெறுமையான ஒரு ‘நான்’ மிஞ்சி நின்று தன் இழப்பைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருப்பதில்லை. ஆரம்பத்தில் அப்படி ஒரு கட்டம் உண்டு, அது கொடுமையானது. ஆனால் அது குறுகியது. பிறகு இழந்தோம் என்பதும் மறந்துபோகிறது. சமீப காலமாக, சிறுகதைப் போட்டிகளின் புண்ணியத்தில், நோயாளியே பேசுவதுபோல் எழுதப்பட்ட கதைகள் சில என் கண்ணில் பட்டன. எல்லாவற்றிலும் முற்றுப்புள்ளிகள் வரிசையாக வருகின்றன. பாதி வாக்கியங்கள். நடுவில் ‘நான் யார்?’ என்று ஒரு தனி வரி. படிக்கிறவருக்கு ரமணரும் நினைவுக்கு வருவார், காம்யூவும் நினைவுக்கு வருவார், நோயாளி மட்டும் வரமாட்டார். வாக்கியத்தை உடைப்பது நமக்குத் தெரிந்த வித்தை. உடைந்த மனதை நாம் தொட்டுவிட்டோம் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ‘தன்னை இழத்தல்’ என்பதை நாம் நெடுங்காலம் ஒரு உயர்ந்த தத்துவப் பிரச்னையாகக் கொண்டாடினோம். அடையாளம் கரைவது, பெயர் உதிர்வது, கண்ணாடியில் வேறொருவன் தெரிவது எல்லாம் நம் கவிதையின் அன்றாடச் சில்லறை. நிஜமாகவே கண்ணாடியில் வேறொருத்தியைக் கண்டு, வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டாள் என்று கூச்சல் போடுகிற கிழவிக்கும் அந்தக் கவிதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த வீட்டில் செய்யக்கூடியது கண்ணாடியை ஒரு துண்டால் மூடுவது. அதைச் செய்கிறவளிடம் நாம் இதுவரை எதையும் கேட்டதில்லை.

பி.ஏ. வகுப்பில் ‘கலிவரின் யாத்திரைகள்’ (1726) எங்களுக்குப் பாடமாக இருந்தது. அதில் சாவே இல்லாத ஒரு இனம் வருகிறது. வாத்தியார் அதை அங்கதம் என்று சொல்லி முடித்துவிட்டார். பின்னால் திரும்பப் படித்தபோது ஒரு சின்ன விவரம் என்னை நிறுத்தியது. அந்த மூப்பர்களால் புத்தகம் படிக்க முடியாது. காரணம் கண் அல்ல. வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் அதன் ஆரம்பம் அவர்களுக்கு மறந்துவிடுகிறது. இதை எழுதிய ஸ்விஃப்ட்டையே அவருடைய கடைசிக் காலத்தில் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று அறிவிக்க நேர்ந்தது. அவருடைய அந்த ஒரு வரியில் உள்ள கூர்மை நம் முற்றுப்புள்ளி வரிசைகளில் இல்லை. ஏனென்றால் ஸ்விஃப்ட் வெளியிலிருந்து பார்த்தார். பார்த்ததை ஸ்தூலமாகச் சொன்னார். உள்ளே புகுந்துவிட்டதாகப் பாவனை செய்யவில்லை.

மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுக’ளில் (1967) ஊரையே பிடித்த மறதிக்கு எதிராகப் பொருள்களின் மேல் பெயர் எழுதி ஒட்டுகிற இடம் நம் எல்லோருக்கும் பிரியமானது. 2012இல் அவருக்கே மறதி நோய் என்று அவர் தம்பி பகிரங்கமாகச் சொன்ன பிறகு, அந்தப் பக்கங்களைத் தீர்க்கதரிசனம் என்று சொல்லி மகிழ்ந்தவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த நாவலில் மறதி ஒரு மருந்தில் தீர்ந்துவிடுகிறது. ஊருக்கே வந்ததால் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. நம் ஊர் மறதி ஒருவருக்கு வருகிறது; வீட்டில் மற்றவர்கள் எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. துயரத்தின் இடம் அந்த வித்தியாசம்தான்.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் சினிமாவுக்கு விபத்தில் வருகிற மறதிதான் பிடிக்கும்: தலையில் அடி, மறதி, பிறகு ஒரு திருப்பம். ‘மூன்றாம் பிறை’ (1982) முதல் ‘கஜினி’ (2005) வரை இதுதான். ‘ஓ காதல் கண்மணி’யில் (2015) நோய் அதன் சொந்தப் பெயரோடு வந்தது. ஆனால் அது நோயாளியின் கதையும் அல்ல, பார்த்துக்கொள்கிறவரின் கதையும் அல்ல. மாடியில் இருக்கும் இளம் ஜோடிக்கு ஒரு பாடம். 2025இல் வந்த ‘மாரீச’னில் மறதி கதை முடிச்சுக்கு ஒரு சாவி. மலையாளத்தில் ‘தன்மாத்ரா’ (2005) இந்த நோயை நேருக்கு நேர் பார்க்க முயன்றது. அது பத்மராஜனின் ஒரு சிறுகதையிலிருந்து பிறந்த படம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

3

இனி, பெயர். 1901 நவம்பரில் ஃப்ராங்க்ஃபர்ட் மனநோய் விடுதியில் 51 வயதான ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள். அலாய்ஸ் அல்ஸைமர் என்ற டாக்டர் அவளெதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதிவைத்தார். உன் பெயர் என்ன? கணவன் பெயர்? என்ன சாப்பிடுகிறாய்? அவள் தன் பெயரையே கணவன் பெயராகவும் சொன்னாள். 1906இல் அவள் இறந்ததும் மூளையைச் சோதித்து, அதே ஆண்டு நவம்பரில் ட்யூபிங்கன் கூட்டத்தில் அவர் பேசினார். 1910இல் க்ரேபெலின் தன் பாடநூலில் நோய்க்கு அல்ஸைமரின் பெயரைச் சூட்டினார். அந்தக் கேள்வி பதில் ஏடு காணாமல் போய் 1995இல் மறுபடி கிடைத்தது. நோயின் முதல் ஆவணம் ஒரு உரையாடல் என்பது இலக்கியக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். கண்ணாடிச் சில்லில் மூளைத் துணுக்கை வைப்பதற்கு முன்னால், ஒருவர் ஒருத்தியின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டு, திருத்தாமல் எழுதியிருக்கிறார்.

நம்மிடம் இதற்கு என்ன பெயர்? பத்திரிகைகள் ‘முதுமை மறதி’ என்கின்றன. இது முதுமையின் இயல்பு என்ற பொய்யை அந்தப் பெயரே பரப்புகிறது. எங்கள் பக்கத்தில் ‘நெனப்பு தப்பிடுச்சி’, ‘புத்தி பெரண்டுடுச்சி’ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஏதோ ஒன்று இருந்த இடத்தைவிட்டுப் பெயர்ந்திருக்கிறது என்ற உணர்வு அதில் இருக்கிறது; வெறுமே மறந்தது என்பதைவிட இது உண்மைக்கு நெருக்கம். ஆனால் அதுவும் வசைச்சொல்லாகவே பழகிவிட்டது. ‘பிள்ளைப் புத்தி’ என்ற நம் சொல் எல்லாவற்றிலும் மோசமானது. குழந்தை நாளைக்கு ஒரு சொல் கூடுதலாகக் கற்கும். அந்த ஆறுதல் இங்கே கிடையாது.

திண்டிவனத்தில் என் பெரியம்மாவுக்கு இது வந்து ஆறு வருஷம் ஆகிறது. மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். மல்லாட்டை உரிக்கிற கூலியில் தொடங்கி, பிறகு தானே மூட்டை வாங்கி மண்டிக்குப் போடுகிற அளவுக்கு வந்தவள். கணக்கு எல்லாம் வாயிலேயே. அவளை ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது அங்கே இருந்த பையன் ஒரு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டான். இன்றைக்கு என்ன தேதி? ‘கிருத்திகை’ என்றாள். அன்றைக்குக் கிருத்திகைதான், மயிலத்துக்குப் போகிற கூட்டத்தைப் பஸ்ஸில் பார்த்துக்கொண்டே வந்தாள். தாளில் அதற்கு மதிப்பெண் இல்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னான். ‘எதுக்கு?’ என்று கேட்டாள். அதற்கும் இல்லை.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே நெகிழ்ந்துவிடுகிறார்கள்: மேற்கத்திய அளவுகோல், மண்ணின் அறிவு, இத்யாதி. கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்தத் தாள் அவளுக்குப் பொருந்தாது என்பது உண்மை. அவளுக்கு நோய் இருக்கிறது என்பதும் உண்மை. அடுத்த வாரம் குழாயை எப்படித் திறப்பது என்று தெரியாமல் வாளியோடு நின்றாள். அளவுகோல் கோணல் என்பதால் நோய் இல்லாமல் போய்விடாது. மண்ணின் அறிவைப் பற்றி நாம் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ அவளைக் குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது.

அந்தக் கோணலை ஆராய்ச்சியாளர்களே நம்மைவிட முன்னதாகக் கண்டுகொண்டார்கள். 1975இல் அமெரிக்காவில் உண்டான அந்தச் சோதனைத் தாளை எழுத்தறியாதவர்களுக்கு ஏற்றபடி இந்தியில் மாற்றி அமைத்தார்கள். சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூர் கிராமங்களில் நடந்த கணக்கெடுப்பு 1997இல் வெளியாயிற்று. 1998இல் கொச்சியில் கூடியவர்கள் ‘10/66’ என்று ஒரு குழு ஏற்படுத்தினார்கள். மறதி நோயாளிகளில் 66 சதவிகிதம் பேர் வாழும் ஏழை நாடுகளில் அந்த ஆராய்ச்சியில் 10 சதவிகிதத்துக்கும் குறைவாகவே நடக்கிறது என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். சென்னையிலும் வேலூருக்குப் பக்கத்துக் கிராமங்களிலும் அவர்கள் வேலை செய்தார்கள். நோயாளியை மட்டும் கேட்காமல் கூட இருப்பவரையும் தனியே உட்காரவைத்துக் கேட்டார்கள். அளவுகோலை மாற்றினால் அதே கிராமத்தில் நோயாளிகளின் எண்ணிக்கை பல மடங்கு மாறியது. ‘வயசானால் அப்படித்தானே’ என்று வீட்டார் சொல்லும்போது பழைய அளவுகோலில் நோயே தெரிவதில்லை.

விமர்சகன் என்ற முறையில் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. நோய் இருக்கிறதா இல்லையா என்பது, பார்க்கிறவர் அதை எந்தக் கதையாகச் சொல்லிக்கொள்கிறார் என்பதையும் பொறுத்திருக்கிறது. ‘கிழவி எதையோ முணுமுணுத்தாள்’ என்று நாம் எழுதியதும் அந்தக் கதையில் சேர்த்திதான்.

இன்னொன்று. அமெரிக்கக் கன்னியாஸ்திரீகள் சிலர் இருபது வயதுவாக்கில் மடத்தில் சேரும்போது எழுதிக்கொடுத்த சுயசரிதைத் தாள்களை அறுபது வருஷம் கழித்து எடுத்து ஆராய்ந்தார்கள். வாக்கியங்களில் கருத்துச் செறிவு குறைந்தவர்களிடம் முதுமையில் நோய் அதிகம் காணப்பட்டது என்று 1996இல் வெளியிட்டார்கள். ஐரிஸ் மர்டாக் என்ற நாவலாசிரியைக்கு இந்த நோய் வந்து 1999இல் இறந்தார். அவருடைய முதல் நாவலையும் நடுக்காலத்து நாவல் ஒன்றையும் கடைசி நாவலையும் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்து, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே கடைசி நாவலில் சொற்களஞ்சியம் வற்றியிருந்ததை 2005இல் காட்டினார்கள். சொற்களை எண்ணுவது விமர்சனம் ஆகாது என்று நாம் அலட்சியமாக இருந்துவிடலாம். ஆனால் எழுத்தை இவ்வளவு சிரத்தையாக யாராவது வாசித்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

பெரியம்மாவுக்கு அப்படி ஒரு தாள் இல்லை. 1940களில் எங்கள் பக்கம் பிறந்த பெண்களில் பலரை யாரும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. 2024இல் ‘லான்செட்’ குழு பட்டியலிட்ட, தவிர்க்கக்கூடிய 14 காரணங்களில் படிப்பின்மையும் ஒன்று. காது மந்தம், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை எல்லாம் அதே பட்டியலில் இருக்கின்றன. எழுதப் பழக்காததால் அவளுக்கு நோய் வரும் வாய்ப்பும் கூடிற்று, வந்ததை அறியும் சான்றும் இல்லாமல் போயிற்று. இருந்தது பேச்சு ஒன்றுதான். விழுப்புரத்துக்காரரான பழமலய் ‘சனங்களின் கதை’யில் (1988) அப்படிப்பட்டவர்களின் பேச்சைக் கவிதைக்குள் கொண்டுவந்தார். அது கவிதைதானா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அந்தப் பேச்சு ஒவ்வொரு வீடாக அவிந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில், அதைக் காதில் வாங்கி எழுதியது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிகிறது.

4

முதியவர்களைக் குதிராகப் பார்த்த நம் எழுத்தில் விதிவிலக்கு இல்லையா? இருக்கிறது. அது எண்பது வருஷத்துக்கு முந்தியது. புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ (1943). அது மறதி நோய்க் கதை அல்ல. செல்லம்மாள் கிழவியும் அல்ல. இருந்தும், பார்த்துக்கொள்வது என்ற காரியத்தைத் தமிழில் இவ்வளவு அருகிலிருந்து பார்த்த கதை வேறு எனக்குத் தெரியவில்லை.

பிரமநாயகம் பிள்ளை பட்டணத்தில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. ஊரை விட்டு வந்து, சொற்பச் சம்பளத்தில், தீராத நோயாளி மனைவியோடு குடித்தனம். சமைக்கிறார், ஊட்டுகிறார், கடைக்குப் போகிறார், திரும்ப வந்து அவள் மூச்சைப் பார்க்கிறார். ஒரு இரவு அவளுக்குப் புத்தி தடுமாறுகிறது. பக்கத்தில் தாய் இருப்பதாக நினைத்துக்கொண்டு, தன்னைக் கட்டிப்போடப் போகிற துரோகி என்று கணவனைச் சொல்லிக் கூச்சலிடுகிறாள். இத்தனை காலம் பார்த்துக்கொண்டவனுக்குக் கிடைக்கும் பெயர் துரோகி. அவர் வாதாடுவதில்லை. புதுமைப்பித்தனும் நமக்காக அவரைப் புண்பட்டவராகக் காட்டுவதில்லை. வேலை தொடர்கிறது. சாவிலிருந்து தொடங்கும் அந்தக் கதையில், சாவில் துக்கத்தோடு கலந்திருக்கும் ஆறுதலையும் மறைக்கவில்லை. அதை ஒரு குற்றமாகவும் ஆக்கவில்லை.

புதுமைப்பித்தன் செல்லம்மாளின் மனதுக்குள் போகவில்லை என்பதைப் பாருங்கள். ‘கயிற்றரவு’ எழுதியவருக்கு அது முடியாத காரியமா? பிரக்ஞைபூர்வமாகவே அவர் வெளியே, கட்டிலுக்குப் பக்கத்தில், பிள்ளையின் கையருகே நிற்கிறார். வெந்நீர், கஞ்சி, விசிறி, கடையிலிருந்து காட்டக் கொண்டுவந்த புடவை: கதை முழுக்கப் பொருள்கள். நோயாளியைச் சுற்றி இருக்கும் காரியங்களைச் சரியாகச் சொன்னால் நோயாளி தானாகத் தெரிவாள் என்பது அவர் நம்பிக்கை. மறதி நோயை எழுத நினைக்கிற இளம் எழுத்தாளர்களுக்கு வெளிநாட்டு முன்மாதிரி தேவையில்லை.

ஆனால் ‘செல்லம்மா’ளில் பார்த்துக்கொள்கிறவர் ஆண். நம் வீடுகளில் அது மருமகள். என் பெரியம்மாவைப் பார்த்துக்கொள்வது அண்ணி. ராத்திரி இரண்டு மணிக்கு ‘மண்டி தொறந்துட்டான், மூட்டைய ஏத்து’ என்று கிளம்புகிற மாமியாரைத் தெருக்கதவருகே மறித்து, ‘வண்டி இன்னும் வரலை அத்தே, வந்ததும் ஏத்திடலாம்’ என்று சொல்லித் திரும்பப் படுக்கவைக்கிறாள். இந்தப் பதிலை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் வருஷம் முழுக்க ‘மண்டியெல்லாம் மூடி இருபது வருஷமாச்சி’ என்று உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கிழவிக்கு அது புதிய துக்கமாயிற்று. பிறகுதான் வண்டி வராத கதையை உண்டாக்கினாள். புனைவு எதற்குப் பயன்படும் என்ற பழைய விவாதத்துக்கு நான் கேட்ட பதில்களில் இது ஒன்று. அண்ணி கதை படிக்கிறவள் அல்ல. நாம் அவளை எழுதவும் இல்லை. ஊர் மெச்சுவதெல்லாம் அண்ணனைத்தான்: ‘பெத்தவளைக் கைவிடாம வெச்சிருக்கான்.’

நான் பாங்க்கில் கவுண்ட்டரில் உட்காருகிறவன். எனக்குத் தெரிந்த ஒரு பக்கத்தையும் சொல்லவேண்டும். நோய் டாக்டரிடம் போவதற்கு முன்னால் பல சமயம் எங்களிடம் வருகிறது. நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று தரவேண்டும். 2014இலிருந்து கைரேகை வைத்து மின்னணு முறையிலும் தரலாம். கையெழுத்து முதலில் கோணுகிறது. பிறகு பாதியில் நிற்கிறது. ஒருவர் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்க்கிறார், அடுத்த எழுத்து என் முகத்தில் இருப்பதுபோல. கை நடுங்குகிறவருக்கு வழி உண்டு: சாட்சிகள் வைத்து ரேகை வாங்கலாம். மனம் நழுவுகிறவருக்கு நேரான வழி இல்லை. மகன் பவர் பத்திரத்தை நீட்டுகிறான். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகும். எந்த நாளுக்காக எழுதி வாங்கினானோ அந்த நாளில் பத்திரம் செத்துவிடுகிறது. காப்பாளர் நியமிக்க வழி செய்த 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் ஆகிய நான்கைத்தான் பேசுகிறது. ஹைகோர்ட்டுக்குப் போகிற வசதி எத்தனை பேருக்கு உண்டு? ஆகவே எல்லோரும் சேர்ந்து, தெரிந்தே, ஒன்றும் நடக்காதது மாதிரி இருக்கிறோம். அந்தப் பாவனையில் பேரன் பேத்தி படிப்பும் நடக்கிறது, சில வீடுகளில் கிழவரின் பணம் கரைந்தும் போகிறது.

வீட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது? சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்தை டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இல் தொடங்கினார். ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம் மறதி நோயாளிகளுக்கென்று தனிச் சேவை நடத்துகிறது. 1992இல் கொச்சியில் நோயாளிக் குடும்பங்களுக்கென்று ஒரு சங்கம் உண்டாயிற்று. 2024இல் கிண்டியில் முதியோருக்கான தேசிய மையம் திறக்கப்பட்டது. எல்லாம் நல்ல காரியங்கள். விழுப்புரத்துக்காரனுக்கு முண்டியம்பாக்கமும் ஜிப்மரும் இருக்கின்றன. ஆனால் இந்த நோயில் ஆஸ்பத்திரி வருஷத்தில் நாலு நாள். மிச்ச நாளெல்லாம் வீடு. இருக்கிற மாத்திரைகள் நோயைக் குணப்படுத்துவதில்லை. புதிதாக வந்த ஊசிமருந்துகளும் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவருக்கு வேகத்தைச் சற்றுக் குறைப்பவைதான். அவற்றுக்கு வேண்டிய ஸ்கேன்களும் செலவும் நம் தாலுகாக்களுக்கு எட்டாதவை. 2021இலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வாசலுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். வாசலுக்கு வந்துவிட்ட அந்தப் பெண் ஊழியர் இன்னும் இரண்டு அடி உள்ளே வந்து, பார்த்துக்கொள்கிறவளிடம் ‘ராத்திரி தூங்கினாயா அக்கா?’ என்று கேட்கும்படி திட்டம் போடுவது பெரிய செலவு இல்லை.

அந்த இரண்டு அடி இல்லாததால் என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டம் பார்த்துவிட்டது. 2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் குண்டலப்புலியூரில் இருந்த காப்பகத்திலிருந்து 140க்கும் மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்டார்கள். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உறவினர் போட்ட வழக்கில்தான் கதவு திறந்தது. குற்றச்சாட்டுகளைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். எனக்கு உறைத்தது வேறு. தன் பெயரையும் ஊரையும் சொல்லத் தெரியாத ஒருவர் எங்கே இருக்கிறார் என்பது, அவரைத் தேடுகிற யாராவது ஒருவர் இருந்தால் ஒழிய, எந்தப் பதிவேட்டிலும் தெரியாது. ஞாபகம் இல்லாதவருக்கு மற்றவர்களின் ஞாபகம்தான் மேல்விலாசம்.

5

பிரச்னையை மறுபடி நம் மேஜைக்குக் கொண்டுவருகிறேன். ஆஸ்பத்திரியை எழுதத் தமிழுக்குத் தெரியும். இமையத்தின் ‘செல்லாத பண’த்தில் (2018) ஜிப்மர் தீக்காய வார்டின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தின் பேச்சு, கோபம், பணக்கணக்கு எல்லாம் தாட்சண்யம் இல்லாமல் பதிவாகியிருக்கிறது. ஆனால் அங்கே ஒரு சம்பவம் இருக்கிறது. ஒரு கெடு இருக்கிறது. பிழைப்பாளா மாட்டாளா என்ற கேள்வி நாவலை இழுத்துப்போகிறது. மறதி நோயில் சம்பவம் இல்லை. பத்து வருஷம் நீளலாம். நேற்று நடந்ததே இன்றும் நடக்கும், கொஞ்சம் மோசமாக. முடிவு தெரிந்த கதை. நடுவில் முன்னேற்றம் இல்லை, திருந்துதல் இல்லை, சமரசம் இல்லை. மன்னிப்புக் கேட்க வந்த மகனைத் தாய்க்கு அடையாளம் தெரியவில்லை என்ற ஒரே ஒரு உச்சக்கட்டத்தைத்தான் நம் கதாசிரியர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதையே எல்லோரும் எழுதுகிறார்கள்.

வேண்டியது உச்சக்கட்டம் இல்லாத உரைநடை. அது நாட்குறிப்பாக இருக்கலாம். ஒரே நாளைப் பத்துத் தடவை எழுதுவதாக இருக்கலாம். கவிஞர்களுக்கு இன்னும் எளிது: திரும்பத் திரும்ப வரும் ஒரே கேள்வியின் ஓசை அவர்களுக்குப் பழக்கமான சரக்கு. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பவள் ஒருத்தி, நாற்பதாவது தடவையாக அதற்குப் பதில் சொல்பவள் இன்னொருத்தி. இரண்டு குரலும் வேண்டும். அல்ஸைமர் செய்ததுபோல் கேள்வியையும் பதிலையும் திருத்தாமல் எழுதிக்கொள்வதிலிருந்து தொடங்கலாம். அதற்குத் தத்துவம் வேண்டாம். காது வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்க வேண்டும்.

எழுதினால் நோயாளிகளுக்கு என்ன லாபம் என்று கேட்பார்கள். நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனால் கூட இருப்பவர் சொல்வதை வைத்துத்தான் நோயே கணக்கில் ஏறுகிறது என்று முன்னே சொன்னேன். ‘வயசானால் அப்படித்தான்’ என்ற வாக்கியத்துக்கு மேல் அந்தக் கூட இருப்பவருக்கு நம் மொழி வேறு வாக்கியம் கொடுத்திருக்கவில்லை. வாக்கியம் இல்லாதவளால் டாக்டரிடமும் சொல்ல முடியாது, பாங்க்கிலும் சொல்ல முடியாது, புருஷனிடமும் சொல்ல முடியாது. வாக்கியம் செய்து தருவது நாம் ஏற்றுக்கொண்ட தொழில். குதிர் நிறைந்திருந்தபோது அள்ளிக்கொண்டவர்கள் நாம். காலியான பிறகு அதைத் துடைத்து வைத்துக்கொண்டிருப்பவர்களின் பக்கம் ஒருமுறையாவது திரும்பிப் பார்க்கவில்லை என்றால், நம் நினைவோடைகளுக்கெல்லாம் அர்த்தம் என்ன என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.